துரை நாற்காலியைக் கவிழ்த்துப் பார்

குமணன்சாவடி
14.9.2025, ஞாயிறு

தம்பி வரதனுக்கு அக்கா தாட்சாயிணி எழுதுவது.

இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் சுரேகாவும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள், புது வீட்டுப் போட்டோக்களைப் பார்த்தேன். நலம் விசாரிக்கிற மரியாதை இத்தோடு முடிந்தது. இனிமேல் திட்டப் போகிறேன், உட்கார்ந்து படி.

பூந்தமல்லியில் ஒரு பஸ் ஏறினால் ஆவடி, இந்தத் தூரத்துக்கு ஸ்பீட் போஸ்ட்டா என்று உன் மாமா சிரிக்கிறார். என்ன செய்ய? போன் செய்தால் பாதியில் வைத்துவிடுகிறாய். அப்பாவின் காரியம் முடிந்த நாளிலிருந்து ஆறு வருஷமாக அதைத்தானே செய்கிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். சமையலறையில் மிக்ஸி வைத்திருக்கும் பச்சை நாற்காலியின் ஓரத்தில் பேப்பரை வைத்து, குழம்பு ஒரு பக்கம் கொதிக்க எழுதுகிறேன். நானும் கொதித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் புது ஹாலில் துரை நாற்காலியைக் கண்ணாடிக்குள் வைத்துப் போர்டு மாட்டியிருக்கிறாயே, அதைச் சுரேகாவின் ஸ்டேட்டஸில் வர்ஷா எனக்குக் காட்டினாள். 'துரை நாற்காலி. வயது 185. எங்கள் முப்பாட்டனாருக்குத் துரை தம் கையால் கொடுத்தது. மதிப்பிட்டவர்: திருமதி தாட்சாயிணி, பழம்பொருள் நிபுணர்.'

யாரடா மதிப்பிட்டது? எப்போது மதிப்பிட்டேன்? அந்த நாற்காலியை நான் கடைசியாகக் கிட்டே பார்த்தது 1993இல். நம் வீட்டுப் பெண்கள் எல்லாரும் நலங்குக்கு அதில்தான் உட்காருவார்கள், தாய்மாமன் தூக்கி வந்து கிழக்குப் பார்த்துப் போடுவார். உன் மாமாவைத்தான் கட்டுவேன் என்று நான் நின்றபோது அப்பா என்ன சொன்னார்? "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நாற்காலி போட்டிருப்பான், போய் அதுல உக்காந்துக்கோ." நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

போகட்டும். பத்தொன்பது வருஷமாகத் திருமழிசை எஸ்டேட்டில் இருக்கும் பழைய மரச்சாமான் கம்பெனியில் அடுத்தவர் வீட்டு நாற்காலிகளைக் கவிழ்த்துப் பார்த்துச் சீட்டு எழுதுகிறேன். இன்ன மரம், இன்ன பாணி, இத்தனை வயது. என் கையெழுத்து இருந்தால் வாங்குகிறவர்கள் மறுபேச்சுப் பேசுவதில்லை. எனக்கென்று இருப்பது அந்த ஒரு பேர்தான். அதை எடுத்து ஒரு பொய்க்குக் கீழே போட்டிருக்கிறாய்.

ஆமாம், பொய்தான். வீடு மாற்றியபோது அந்த நாற்காலியை வண்டி மேல் கவிழ்த்துக் கட்டிய போட்டோவும் ஸ்டேட்டஸில் இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். உட்காரும் சட்டத்துக்கு அடியில் நாலு மூலையிலும் ஸ்டார் ஸ்க்ரூ. 1840இல் எந்தத் துரையிடம் ஸ்டார் ஸ்க்ரூ இருந்தது?

போர்டிலிருந்து என் பெயரை எடு. தை மாதம் வர்ஷாவுக்குக் கல்யாணம், நீ ஒருத்தன்தான் அவளுக்குத் தாய்மாமன். பத்திரிகை அச்சுக்குப் போவதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

கோபம் தீராத
உன் அக்கா


ஆவடி
21.9.2025

மகா கனம் பொருந்திய பழம்பொருள் நிபுணர் அக்காவுக்கு, ஒன்றும் தெரியாத தம்பி வரதன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. சுரேகா முன்னால் படித்தேன், அது என் தப்பு. நாலு நாளாக அவள் என்னை 'யாரடா மதிப்பிட்டது' என்றே கூப்பிடுகிறாள்.

உன் பெயரை ஏன் போட்டேன்? பெருமைக்குத்தான். வீட்டுக்கு வருகிற ஆபீஸ்காரர்களிடம், என் அக்கா நாற்காலியைத் தொட்டுப் பார்த்தே வயது சொல்லிவிடுவாள் என்று ஆறு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன்னோடு பேசுவதில்லை, உன்னைப் பற்றிப் பேசுவேன். அதற்குக் கிடைத்த மரியாதை இது.

ஒரு ஸ்க்ரூவை வைத்துக்கொண்டு குதிக்கிறாய். பழைய ஸ்க்ரூ துருப்பிடித்தால் மாற்ற மாட்டார்களா? நானும் இன்டர்நெட்டில் தேடினேன். முதுகுச் சட்டம் மேலே பின்பக்கம் சுருண்டிருக்கும், முன்னங்கால் கடைசல், பின்னங்கால் வாள் போல வளைவு, இரண்டு பக்கமும் கை, பிரம்புப் பின்னல். படத்துக்குப் படம் அச்சாக நம் நாற்காலிதான், எல்லாவற்றுக்கும் கீழே 1840 என்று போட்டிருக்கிறது. உலகமே பொய் சொல்கிறதா?

அப்பா வருஷா வருஷம் பொங்கலுக்கு அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார், எங்களைத் தொட விடமாட்டார். அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிந்துவிட்டது? உனக்கு நாற்காலி மேல் கோபம் இல்லை அக்கா. உன்னை அதில் உட்கார வைக்கவில்லை என்று அப்பா மேல் கோபம். செத்துப்போன மனுஷனைப் பொய்யராக்கித் தீர்த்துக்கொள்ளப் பார்க்கிறாய்.

போர்டை எடுக்க மாட்டேன். பத்திரிகையில் என் பெயரைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம்.

வரதன்


குமணன்சாவடி
28.9.2025

வரதா,

பதில் எழுதினாயே, அதுவரைக்கும் சந்தோஷம். எழுதியது முழுக்க அபத்தம்.

இன்டர்நெட்டில் நீ பார்த்தது பாணி. பாணி வேறு, வயது வேறு. சுருண்ட முதுகு, கடைசல் கால், வாள் வளைவு எல்லாம் 1840இல் இங்கே வந்த துரைமார் பழக்கம்தான், நம் ஆசாரிகள் அதைப் பார்த்து ஈட்டி மரத்தில் செய்தார்கள். அதே மாதிரியை நேற்றும் செய்யலாம். போன மாதம்கூட எங்கள் எஸ்டேட்டுக்கு அப்படி எட்டு வந்தது, எட்டும் போன வருஷம் செய்தது. கொண்டு வந்த ஆள் பேரன் பேத்தி மேல் சத்தியம் செய்தான். ஏழு நிமிஷத்தில் திருப்பி அனுப்பினேன்.

வாய்ச்சண்டை வேண்டாம். கண்ணாடியைத் திற, நாற்காலியைக் கவிழ்த்துப் போடு, டார்ச் எடுத்துக்கொள். ஸ்க்ரூ மாற்றியது என்றால் பக்கத்திலேயே பழைய ஓட்டை இருக்கும், அடைத்திருந்தாலும் தெரியும். சட்டத்தின் உட்பக்கம், இழைப்பு படாத இடத்தில், ரம்பத் தடம் பார். கை ரம்பம் என்றால் கோடுகள் நேராக, கொஞ்சம் கோணலாக இருக்கும். வில் மாதிரி வளைந்து வளைந்து இருந்தால் மெஷின். பிரம்பு கோக்கிற ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளியை அள. கையால் போட்ட ஓட்டை ஒன்றுபோல் ஒன்று இருக்காது. சாயம் எட்டாத மூலையில் நகத்தால் கீறு. ஈட்டி உள்ளேயும் கறுப்பாக, ஊதா ஓடி இருக்கும்.

கடைசியாகக் கால். இதை ஒருத்தராலும் ஏமாற்ற முடியாது. கடைசலில் வட்டமாக வந்த கால், நூறு வருஷத்துக்கு மேல் காயக் காய ஒரு பக்கம் சுருங்கும், இன்னொரு பக்கம் சுருங்காது. கண்ணுக்குத் தெரியாது, கனம் அளக்கிற காலிப்பர் வைத்தால் தெரியும். எல்லாப் பக்கமும் ஒரே அளவு வந்தால் அது நம் காலத்து நாற்காலி.

நான் அப்பாவைப் பொய்யர் என்று சொல்லவில்லை. நாற்காலி சொல்கிறது. என் சமையலறையில் ஒன்று கிடக்கிறதே, 94இல் நம் வீட்டு மரவேலைக்கு வரும் அப்பாவு ஆசாரி 'ஸ்கூல் ஏலத்துல எட்த்தேன், வச்சிக்கோம்மா' என்று சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து இறக்கியது, அது எவ்வளவோ மேல். பச்சை எனாமல், பலகை அடித்த உட்காரும் இடம், கையும் கிடையாது. தான் யாரென்று ஒளிக்காமல் முப்பது வருஷமாக மிக்ஸியைச் சுமக்கிறது. உன் கண்ணாடிக்குள் இருப்பதைவிட அதற்குத்தான் நான் மரியாதை கொடுப்பேன்.

கவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஆவடி
9.10.2025

அக்கா,

கவிழ்த்துப் பார்த்தேன். அம்பத்தூரில் காலிப்பர் வாங்கி வந்து மூன்று தரம் அளந்தேன்.

கால் எல்லாப் பக்கமும் ஒரே அளவு. ஓட்டைகள் வரிசை பிசகாமல் இருக்கின்றன. ரம்பத் தடம் வளைவு. நகத்தால் கீறினேன், உள்ளே மஞ்சள். தேக்கு. மேலே சாயம். உனக்கு வேண்டியது இதுதானே, எடுத்துக்கொள்.

கண்ணாடிக் கூண்டு செய்த ஆள் வந்து "பழசு கொஞ்சம் வெயிட்டா இருக்கும் சார், தூக்கினா தெரியும்" என்று சிரித்துவிட்டுப் போனான். நேற்று ராத்திரி சாப்பிடவில்லை.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். அப்படியானால் அசல் எங்கே? முப்பாட்டனார் காலத்திலிருந்து அந்த வீட்டில் இருந்தது எங்கே போனது? பழைய நாற்காலி எடுக்க ஊர் ஊராக வண்டி அனுப்புகிற இடத்தில் வேலை செய்கிறவள் நம் குடும்பத்தில் ஒருத்திதான். அசலை எடுத்துக்கொண்டு அதே மாதிரி ஒன்றை வைத்தால் யாருக்கும் தெரியாது என்று தெரிந்தவளும் அவள்தான். வண்டி மேல் இருந்த ஒரு போட்டோவைப் பார்த்தே பொய் என்று எப்படி அடித்துச் சொன்னாய்? முன்னாலேயே தெரியாமல் சொல்ல முடியுமா?

சுரேகா இதை எழுத வேண்டாம் என்றாள். எழுதிவிட்டேன்.

வரதன்


குமணன்சாவடி
12.10.2025

திருடி எழுதுவது.

நலங்கு மஞ்சள் படாமல், கட்டிய புடவையோடு, ரிஜிஸ்டர் ஆபீசின் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டவள் நான். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறியது ஒரே தரம், அப்பா போன அன்று. அன்றும் வாசலில்தான் நின்றேன். உள்ளே வா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை. நீ என்னைப் பார்த்தாய், பார்த்துவிட்டு நாற்காலி எடுத்துப் போடு என்று யாரிடமோ சொன்னாய், எனக்கில்லை, வந்திருந்த கவுன்சிலருக்கு.

எனக்கு இடம் கொடுக்காத நாற்காலியைத் திருடி நான் என்ன செய்வேன்? தலையில் வைத்துக்கொள்வேனா?

பத்திரிகை நேற்று அச்சுக்குப் போனது. தாய்மாமன் என்கிற இடத்தில் உன் பெயர் இல்லை. வர்ஷா அழுதாள். அழட்டும். இனிமேல் எனக்கு எழுதாதே.

தாட்சாயிணி


ஆவடி
2.11.2025

அக்கா,

எழுதாதே என்றாய். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடு, பிறகு கிழித்துப் போடு.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் உன்னைத் திட்டினேன். நாலாம் நாள் எனக்கே வெட்கமாக இருந்தது. வாசலில் நீ நின்றதைப் பார்த்தேன்தான். பங்காளிகள் என்ன சொல்வார்களோ என்று பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். அதன் பிறகு எந்த முகத்தோடு உன்னிடம் போனில் பேசுவது? அதனால்தான் வைத்துவிடுவேன்.

நகலை யார் செய்திருப்பார்கள் என்று யோசித்தேன். அந்தக் கடைசல் வேலை தெரிந்தவர் நம் பக்கத்தில் ஒருத்தர்தான். நேற்று திருமழிசைக்குப் போனேன். அப்பாவு ஆசாரிக்கு எண்பத்தி நாலு வயது, காது நன்றாகவே கேட்கிறது. போனில் நாற்காலியின் போட்டோவைக் காட்டினேன்.

"இன்னா வரதா, இம்மா நாளு கய்ச்சு இப்பதான் கவுத்துப் பாத்தியா?" என்றார். "நாந்தான் செஞ்சேன். தேக்கு. ஒங்க நைனா செய்யச் சொன்னாரு, செஞ்சேன். தொண்ணுத்தி நாலு, பொங்கலு முட்ஞ்சு."

அசல் எங்கே என்று கேட்டேன்.

"ஒங்க அக்கா ஊட்லதாம்பா கீது. பச்ச பெயிண்டு அட்ச்சிகினு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அந்தப் பொண்ணு கண்ணாலம் கட்டிகினு பூட்டப்பொறம் ஒங்க நைனா அந்த நாற்காலி கிட்டயே போ மாட்டாரு. ஒரு நாளு என்னக் கூப்ட்டு, 'எம் பொண்ணு ஒக்காராத நாற்காலி என் ஊட்ல இன்னாத்துக்கு அப்பாவு, எட்த்துகினு போயி அவளாண்ட குடுத்துடு'ன்னாரு. பங்காளிங்களுக்குத் தெர்ஞ்சா சும்மா வுடுவானுங்களா? அதான் அதே மாரி ஒண்ணு செஞ்சு ஊட்ல வச்சிட்டு, பழசுல கையக் கய்ட்டி, பிரம்ப அத்துட்டு பலக அட்ச்சு, பெயிண்ட பூசுனேன். மூணு கோட்டு. அந்த மரத்து மேல பெயிண்டு அடிக்க மனசே வர்லபா."

ஏன் அக்காவிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாரு. 'அவ கெட்டிக்காரி, ஒரு நாளு கவுத்துப் பாப்பா, தெர்ஞ்சிகினு அவளே வருவா'ன்னாரு. வர்சம் வர்சம் பாத்துகினு இர்ந்தாரு. பொறவு ஒங்க அக்கா நாற்காலிக்குச் சீட்டு எய்துற வேலைக்குப் போச்சுன்னு கேள்விப்பட்டு ஒரு வார்த்த சொன்னாரு. 'இந்நேரம் கண்டுபுட்ச்சிருப்பா அப்பாவு. கண்டுபுட்ச்சும் வர்ல பாரு.' அத்தோட அந்தப் பேச்சயே வுட்டுட்டாரு."

சாகும்போதும் அப்பா அப்படித்தான் நினைத்திருக்கிறார் அக்கா.

அப்பாவு பரணில் இருந்து ஒரு கோணிச் சுருட்டை இறக்கிக் கொடுத்தார். உள்ளே நாற்காலியின் இரண்டு கைகள். பெயிண்ட் படாதவை, கறுப்பு, ஊதா ஓடுகிறது. முன்முனை இரண்டும் உள்ளங்கை பட்டுப் பட்டுத் தேய்ந்திருக்கின்றன. இப்போது என் மேஜையில் இருக்கின்றன.

உன்னைத் திருடி என்கிற மாதிரி எழுதினேன். அந்தக் கையை வெட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. பத்திரிகையில் என் பெயர் வேண்டாம், அதைக் கேட்டு இதை எழுதவில்லை. ஊரார் நாற்காலியையெல்லாம் கவிழ்த்துப் பார்க்கிறாயே, உன் வீட்டு நாற்காலியை ஒரு தரம் கவிழ்த்துப் பார்.

வரதன்


குமணன்சாவடி
9.11.2025, ஞாயிறு

தம்பி வரதா,

மிக்ஸியை இறக்கி வைத்துவிட்டுக் கவிழ்த்தேன். உன் மாமா ஒரு காலைப் பிடித்துக்கொண்டார். காலிப்பரையும் அவரே வைத்தார். ஒரு பக்கத்துக்கும் மறு பக்கத்துக்கும் ஒன்றரை மில்லி வித்தியாசம். முன்னங்கால் இரண்டிலும். பலகையைப் பெயர்த்தால் சட்டம் சுற்றிலும் பிரம்பு ஓட்டை, ஒன்று நெருக்கம் ஒன்று தள்ளி. கை செருகியிருந்த துளைகளில் மரத்தூள் மக்கு அடைத்திருக்கிறது. சுவர்ப் பக்கமாகவே முப்பது வருஷம் இருந்த முதுகை விளக்கில் பிடித்தால், மேலே சுருள்கிறது. பெருக்கும்போது நகர்த்துவேன், நகர்த்தும்போதெல்லாம் 'என்ன கனம் கனக்குது இந்தச் சனியன்' என்று சொல்லியிருக்கிறேன். ஈட்டி கனக்காமல் என்ன செய்யும்? நான் ஒரு நிபுணர், என் பெயரைப் போர்டில் வேறு போட்டாய். தூ.

எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. உன் மேல் இல்லை, அந்த மனுஷன் மேல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஈட்டி மரத்தில் மூன்று கோட் பச்சை எனாமல் அடிக்கத் தெரிந்தது, ஒரு போஸ்ட் கார்டு போடத் தெரியவில்லை. நான் கண்டுபிடித்து வர வேண்டுமாம். நம் பழைய வீடு இருந்த திருமழிசைக்கும் குமணன்சாவடிக்கும் என்ன தூரம், நான் தினம் வேலைக்குப் போகிற ஊர்தானே? அவர் அங்கே காத்துக்கொண்டிருக்க, நான் இங்கே அதே நாற்காலியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டு அவரைத் திட்டியிருக்கிறேன். கண்டுபிடித்தும் வரவில்லை என்று நினைத்துக்கொண்டே போய்விட்டாரே வரதா. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லித் திருத்துவேன்?

நேற்றெல்லாம் அழுதேன். இன்று எழுந்ததும் நம் சித்தப்பா பெண்கள் ஞாபகம் வந்தது. 94க்குப் பிறகு நாலு பேர் துரை நாற்காலி என்று நினைத்து அப்பாவு நாற்காலியில் நலங்கு வைத்துக்கொண்டார்கள். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாரே, என்ன முகத்தோடு நின்றாரோ என்று நினைத்தேன், அழுகையோடு சிரிப்பும் வந்தது.

உன் போர்டைக் கழற்றி எறி. கண்ணாடிக்குள் இருக்கும் உன் நாற்காலிக்கு இதோ என் சீட்டு, இதை மாட்டு:

'தேக்கு மரம், ஈட்டிச் சாயம். பாணி 1840. வயது முப்பத்தொன்று. செய்தவர் திருமழிசை அப்பாவு ஆசாரி. செய்யச் சொன்னவர் தட்சிணாமூர்த்தி. அசலைத் தன் மகளுக்குக் கொடுத்தனுப்பியது வெளியே தெரியாமல் இருப்பதற்காகச் செய்தது. மதிப்பிட்டவர்: தட்சிணாமூர்த்தி மகள் தாட்சாயிணி.'

இப்போது என் பெயர் இருக்கலாம். பங்காளிகள் வந்தால் சத்தமாகப் படித்துக் காட்டு.

பத்திரிகை ஐந்நூறும் அச்சாகி வந்துவிட்டது. தாய்மாமன் பெயர் இல்லாமல் எப்படிக் கொடுப்பது? மூன்று நாளாக ஒவ்வொன்றிலும் 'தாய்மாமன்: த. வரதன், ஆவடி' என்று பேனாவால் எழுதிக்கொண்டிருக்கிறேன். இருநூற்றுப் பத்து முடிந்திருக்கிறது. விரல் வீங்கிவிட்டது, அதற்கு மட்டும் உன் மேல் இன்னும் கோபம். மீதியை நீ வந்து எழுது.

வரும்போது அந்த இரண்டு கைகளையும் எடுத்து வா, அப்பாவுவையும் ஆட்டோவில் கூட்டி வா. அவர்தான் கழற்றினார், அவரே பொருத்தட்டும். பிரம்பு பின்னிக்கொள்ளலாம். பெயிண்டை மட்டும் யாரும் தொடக் கூடாது. அது அப்பா அடிக்கச் சொன்ன பெயிண்ட்.

நலங்கு அன்று நீதான் தூக்கி வந்து கிழக்குப் பார்த்துப் போட வேண்டும். கனக்கும், சொல்லிவிட்டேன். வர்ஷா உட்கார்ந்து எழுந்த பிறகு நான் ஒரு நிமிஷம் அதில் உட்காருவேன். யாரும் என்னைப் போட்டோ எடுக்காமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா
தாட்சாயிணி